கனடா பிரஜாவுரிமைப் பரீட்சைக்கு மஸ்கெலியாவிலிருந்தே ஆயத்தமாகலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில், அதாவது தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். வயது 31. கணவர் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார், அங்கே பிரஜாவுரிமையும் எடுத்துவிட்டார். என்னை ஸ்பொன்சர் பண்ணி ஏழு மாதம் ஆகிறது. நான் தமிழில் ஓ.எல். வரை படித்தவள், இங்கிலிஷ் பாடத்தில் சித்தியில்லை. டவுனில் ஒரு முகவர், "கனடாவில் சிட்டிசன் ஆக ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டாயம், நாட்டைப் பற்றிய பரீட்சையும் இருக்கு, இப்பவே கோஸ் செய்யாட்டி அங்கே ஃபெயிலாகித் திருப்பி அனுப்பிருவாங்க" என்று 185,000 ரூபாய் கேட்கிறார். அந்தப் பரீட்சையைத் தமிழில் எழுத முடியாதா? அம்மாவுக்கு 53 வயது. பிறகு அவரைக் கூப்பிட்டால் அவரும் எழுத வேண்டுமா? இன்னொன்று ஐயா. தாத்தா பிரஜாவுரிமை இல்லாமலே செத்துப் போனார். அப்பாவுக்குத்தான் கடதாசி வந்தது. "அதைப் போய் விட்டுக் குடுக்கப் போறியா" என்று அம்மா ராத்திரியில் அழுகிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த 185,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முற்பணம் ஏதும் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பரீட்சை உண்டு, மொழியும் பார்ப்பார்கள். அந்தப் பாதியைக் காட்டித்தான் மற்றப் பாதியை உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

நீங்கள் இப்போது காத்திருப்பது நிரந்தர வதிவிடத்துக்கு, நம் ஆட்கள் பி.ஆர். என்று சொல்வதற்கு. கணவன் மனைவியைக் கூப்பிடுகிற இந்த விண்ணப்பத்தில் மொழிப் பரீட்சையே கிடையாது. கலியாணம் உண்மையானதா, உடல்நலம் எப்படி, பொலிஸில் குற்றப்பதிவு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை எல்லாம் படிப்பையும் தொழிலையும் காட்டிப் புள்ளி சேர்த்துப் போகிறவர்களிடம் கேட்பது. பிரஜாவுரிமை என்பது நீங்கள் அங்கே போய், சில வருடம் வாழ்ந்து, பிறகு நீங்களாக விரும்பிக் கேட்கும் ஒன்று. கேட்காமலே காலமெல்லாம் பி.ஆரில் இருப்பவர்களும் உண்டு. பரீட்சையில் தவறினால் அந்தப் பிரஜாவுரிமை விண்ணப்பம்தான் நிற்கும். பி.ஆர். பறிபோகாது, யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில் பெண்களுக்கென்று ஒரு வார்த்தை. "புருஷனோடு ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்தால்தான் பி.ஆர். நிலைக்கும்" என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை முன்பு இருந்தது, 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். உங்கள் கணவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. உங்கள் பி.ஆரும் பிறகு வரும் பிரஜாவுரிமையும் உங்கள் சொந்தப் பெயரில் நிற்பவை என்பதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுங்கள்.

பிரஜாவுரிமை கேட்க முதல் தகுதி நாட்கணக்கு. தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். வேலைக்குப் போன நாளுக்குத்தான் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், பேர் விழும், வீட்டில் இருந்த நாளுக்கு விழாது. கனடாவும் அப்படித்தான் எண்ணுகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில், உங்கள் உடம்பு கனடா மண்ணில் இருந்த நாள் 1,095 சேர வேண்டும். அரைப்பேரும் உண்டு. பி.ஆர். கிடைக்கும் முன்னால் விசிட்டர் விசாவில் போய்ச் சட்டப்படி அங்கே இருந்திருந்தால், அந்த நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாகச் சேரும். அப்படிச் சேர்வது அதிகபட்சம் 365 நாள். திருவிழாவுக்கென்று ஊருக்கு வந்து இரண்டு மாதம் நின்றால் அந்த இரண்டு மாதத்துக்குப் பேர் இல்லை. கணவர் கனடாப் பிரஜை என்பதற்காக ஒரு நாள்கூடக் குறையாது. அங்கே இறங்கிய நாளிலிருந்து ஒரு கொப்பியில் போன திகதியும் வந்த திகதியும் எழுதி வையுங்கள். 1,095 சேர்ந்த மறுநாளே ஓடாமல், சில வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எண்ணிக்கையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டிவரும். வருமானவரி அறிக்கை கொடுக்க வேண்டியவர்கள் அந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடத்துக்கு அதைக் கொடுத்திருக்கவும் வேண்டும்.

அம்மாவின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழியும் பரீட்சையும் விண்ணப்பிக்கும் நாளில் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். 55 ஆகிவிட்டால் இரண்டுமே கிடையாது. அம்மாவுக்கு இப்போதே 53. அவர் பி.ஆர். பெற்று நாட்கணக்கும் முடிப்பதற்குள் 55ஐத் தாண்டியிருப்பார், அவருக்குப் பரீட்சைப் பயமே வேண்டாம். ஆனால் பெற்றோரைச் சூப்பர் விசாவில் கூப்பிடுவது வேறு, பி.ஆரில் கூப்பிடுவது வேறு. சூப்பர் விசாவில் போகிறவர் எத்தனை வருடம் நின்றாலும் விருந்தாளிதான். அந்த வழியில் மட்டும் பிரஜாவுரிமை வராது.

இனி மொழி. தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, அந்த நாட்டின் இரண்டு உத்தியோக மொழிகளில் ஒன்று. இதைக் கேட்டதும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்று தெரியும். ஆனால் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். கனடாவில் மொழித் திறனுக்குப் பன்னிரண்டு படி உள்ள ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், சி.எல்.பி. என்பார்கள். பிரஜாவுரிமைக்கு வேண்டியது நாலாம் படி. அதுவும் கேட்டலிலும் பேசுதலிலும் மட்டும். வாசிப்புக்கும் எழுத்துக்கும் சான்று கேட்பதில்லை. நாலாம் படி என்றால் அன்றாட விஷயத்தைச் சின்னச் சின்ன வாக்கியத்தில் பேசுவது, எளிய அறிவுறுத்தலையும் வழி சொல்வதையும் கேட்டு விளங்கிக்கொள்வது, நேற்று நடந்தது, இன்று நடப்பது, நாளை நடக்கப்போவது என்று காலத்தை மாற்றிச் சொல்லத் தெரிவது. பட்டதாரி ஆங்கிலமோ கொழும்பு ஆங்கிலமோ தேவையில்லை.

அந்தச் சான்றுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஒரு வழி, ஒரே வழி அன்று. அப்படியே எழுதினாலும் பொதுப் பிரிவில் கேட்டலுக்கு 4.5, பேச்சுக்கு 4.0 எடுத்தால் போதும். இதைவிட நல்ல வழி அங்கே இருக்கிறது. பி.ஆர். உள்ளவர்களுக்கு லிங்க் என்ற ஆங்கில வகுப்பை அரசாங்கமே இலவசமாக நடத்துகிறது. முதலில் உங்கள் நிலையைச் சோதித்து, ஏற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். அதில் பேச்சிலும் கேட்டலிலும் நாலாம் நிலையை முடித்த சான்றிதழைப் பிரஜாவுரிமைக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். இலவசமாக அங்கே கிடைப்பதை இங்கே கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் படிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிரஜாவுரிமை எடுத்தபின் அந்த வகுப்பில் இடமில்லை. போன புதிதிலேயே சேர்ந்துவிடுங்கள். வேலை, பிள்ளை, பனி என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்கள் பிறகு சேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

கனடாவிலிருந்து ஒருவர் விடுமுறையில் வந்தபோது கடதாசி அத்தாட்சிப்படுத்தச் சட்டத்தரணியான என்னிடம் வந்தார். கனடா வரலாறு முழுக்கத் தலைகீழாகச் சொன்னார், பிரதமர்களின் பெயர், மாகாணத் தலைநகரங்கள், எல்லாம். ஆனால் அவருடைய விண்ணப்பம் மொழிச் சான்று இணைக்காததால் அப்படியே திரும்பி வந்திருந்தது. அவரிடம் ஆங்கிலத்தில், "நேற்று என்ன செய்தீர்கள்" என்று கேட்டேன். "ஐ கோ ஹட்டன், ஐ பை ரைஸ்" என்றார். மூன்று வருடம் அங்கே நம் ஆட்களோடே வேலை செய்து, நம் கடையிலேயே சாமான் வாங்கி, நம் ஆட்களின் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறார். ஆங்கிலம் வாய்க்கு வரச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. "கோ" என்பதை "வென்ட்" ஆக்கவும் "பை" என்பதை "போட்" ஆக்கவும் அவருக்கு மூளை இல்லாமல் இல்லை. வாய் பழகவில்லை, அவ்வளவுதான். ஸ்காபரோவில் தமிழிலேயே வாழ்ந்து முடித்துவிடலாம், தங்கச்சி. அங்கே போகிற நம் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். பெரிய பொறியும் அதுதான்.

இங்கிருந்தே தொடங்கலாம். காசு செலவில்லை. நீங்கள் இருப்பது மஸ்கெலியாவில். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் உங்கள் டவுனைக் கடந்துதான் நல்லதண்ணிக்குப் போகிறார்கள். பஸ் எத்தனை மணிக்கு, ஹட்டன் ஸ்டேஷனுக்கு எவ்வளவு, தங்க இடம் எங்கே, மழை வருமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்வதுதான் ஏறக்குறைய அந்த நாலாம் படி. நாம் வழக்கமாகச் சிரித்துவிட்டுக் கையைக் காட்டி ஒதுங்கிப் போய்விடுவோம். இந்த சீசனில் ஒதுங்காதீர்கள். வங்கிக்கோ போன் கம்பனிக்கோ அழைக்கும்போது மொழியைத் தெரிவு செய்யச் சொன்னால் ஆங்கிலத்துக்குரிய இலக்கத்தை அழுத்துங்கள். கணவரோடு தினமும் பேசுகிற நேரத்தில் இருபது நிமிடத்தை ஆங்கிலத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக் காம்பராவில் அன்று நடந்ததையே சொல்லுங்கள்: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் கொழுந்து மடுவத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்து பால் கொடுத்தாள். உங்களுக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போதுதான் நாக்கு திரும்பும். ஒவ்வொரு நாளும் நேற்றைய கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த இறந்த காலத்தில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

அடுத்தது நாட்டைப் பற்றிய பரீட்சை. 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியாக வந்தால் சித்தி. நாலு விடையில் ஒன்றைத் தெரிவு செய்வது, சரியா பிழையா சொல்வது, இந்த இரண்டு விதம்தான். கட்டுரை எழுதச் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை தவறினால் மறுபடி எழுதலாம், மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் ஓர் அதிகாரி நேரில் அழைத்து விசாரிப்பார். எல்லாக் கேள்வியும் 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்கக் கைநூலிலிருந்துதான். அது இணையத்தில் இலவசம், ஒலிவடிவிலும் இருக்கிறது. அந்த முகவரின் கோஸில் தரும் புத்தகமும் அநேகமாக இதன் போட்டோகொப்பியாகத்தான் இருக்கும்.

ஒரு நுணுக்கம். மொழிச் சான்றில் வாசிப்பைக் கேட்பதில்லை என்றேன். ஆனால் இந்தப் பரீட்சையை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாசித்துத்தான் எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் பேச்சை மட்டும் பழகிப் போகிறவர்கள் பரீட்சையில் திணறுகிறார்கள். அதனால் ஒலிவடிவத்தைக் காதில் போட்டுக்கொண்டு, அதே பக்கத்தை விரலால் தொட்டு வாசியுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும்.

அந்த நூலை வெறும் மனப்பாடமாகப் படிக்காதீர்கள். நமக்குத் தெரிந்ததோடு கொழுவிப் படித்தால் நிற்கும். கனடாவில் மத்திய அரசாங்கம், மாகாண அரசாங்கம், நகரசபை என்று மூன்று அடுக்கு. நமக்குப் பாராளுமன்றம், மாகாண சபை, பிரதேச சபை இருப்பது போல. அங்கே 10 மாகாணம், 3 ஆள்புலம். ஆள்புலங்களில் நுனாவுட் 1999இல் உருவானது. அரசர்தான் நாட்டின் தலைவர், அவர் சார்பில் மகா தேசாதிபதி இருக்கிறார். 1972இல் குடியரசாகும் வரை நம் நாட்டிலும் அப்படித்தான் இருந்தது, உங்கள் அம்மாவைப் பெற்றவர்களுக்கு அது நன்றாக நினைவிருந்திருக்கும். 1867 ஜூலை 1இல் ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகிய நாலும் சேர்ந்து கனடா ஆனது. முதல் பிரதமர் சேர் ஜோன் ஏ. மெக்டொனால்ட். உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம் 1982இல் வந்தது. ஆதிக்குடிகள் மூன்று பிரிவு: முதற்குடியினர், இனுயிட், மெட்டி.

அந்தக் கைநூலில் ஒரு பக்கம் வரும், அதை நீங்கள் நின்று வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7இல் அறைந்தார்கள். அந்தப் பாதையைப் போட்டவர்களில் சீனத் தொழிலாளர்கள் ஏராளம். பாதை முடிந்ததும், இனிச் சீனர் வருவதென்றால் தலைவரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2006இல்தான் கனடா அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. வேலைக்கு ஆள் வேண்டும், வேலை முடிந்தபின் ஆள் வேண்டாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்டிச் சீமையில் காடு வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்டு, ரோட்டும் ரயில் பாதையும் போட்டவர்களின் பேத்தி நீங்கள். 1885, 2006 என்ற இரண்டு வருடமும் உங்களுக்கு மறக்காது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதுதான் பெரிய கேள்வி.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நம் ஆட்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை போனது, வாக்குரிமையும் பின்னாலேயே போனது, 1952 தேர்தலில் அவர்களில் ஒருவரும் தெரிவாகவில்லை. நடுவில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கலியாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். 1951 ஓகஸ்ட் 5க்குள் விண்ணப்பம் போக வேண்டும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. திருச்சிக்கோ ராமநாதபுரத்துக்கோ ஒரு சாவுக்குப் போய்வந்ததுகூடச் சிலருக்கு எதிராக நின்றது. 1964இல் இந்தியாவினதும் இலங்கையினதும் பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தில் உங்கள் தாத்தா இருந்திருக்கலாம். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் அந்தக் கதை ஒருவாறு முடிந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது நான் இளம் சட்டத்தரணி. தோட்டம் தோட்டமாக நடமாடும் சேவை நடந்தது, பத்து நாளில் 190,000 பேர் அளவில் பிரஜாவுரிமை பெற்றார்கள். ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்தவர்கள் நான் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டி மட்டும் விரலை எடுத்துக்கொண்டார். "தம்பி, இதுல என்னா எழுதியிருக்குன்னு மொதல்ல படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். "இன்னொருக்கா படி." படித்தேன். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல், மையில் இரண்டு தடவை அழுத்தியும் ரேகை சரியாக விழவில்லை. மூன்றாம் தடவை விழுந்தது. "எங்க வீட்டாளு படிக்காம வச்சிட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கணவர் எந்தக் காலத்தில் எந்தக் கடதாசியில் விரல் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் என் மேசையில் ஒருவர் கையெழுத்துப் போடும் முன் முழுக் கடதாசியையும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அதனால் அம்மாவிடம் உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். கனடா, இன்னொரு நாட்டுப் பிரஜாவுரிமையை விடச் சொல்லிக் கேட்பதில்லை. இலங்கைச் சட்டம்தான் கேட்கிறது. நீங்கள் அங்கே சத்தியப்பிரமாணம் செய்து கனடாப் பிரஜையாகும் அந்த நாளிலேயே உங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை தானாக அற்றுப்போகும். யாரும் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். இதைத் தடுக்க வழி உண்டு. கனடாப் பிரஜாவுரிமை எடுக்கும் முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். எடுத்து முடிந்திருந்தால் மீளப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் பெயர் இரட்டைப் பிரஜாவுரிமை. கேட்ட எல்லோருக்கும் கொடுப்பதில்லை. 55 வயது தாண்டியவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், இலங்கையில் சொத்தோ நிலையான வைப்போ உள்ளவர் என்று வகைகள் வைத்திருக்கிறார்கள், கட்டணமும் கணிசமானது. கணவர் இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறும் எண்ணம் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து யோசியுங்கள்.

விட்டால் என்ன போகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே வாக்கு இல்லை. காணியைப் பொறுத்தவரை, வெளிநாட்டவர் பெயருக்கு மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது, வாரிசுரிமையில் வருவதற்கு விலக்கு உண்டு. தோட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கு காணியும் வீடும் தரும் திட்டத்தில் பெயர் இருந்தால் அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. அங்கே பிள்ளை பிறக்கும்போது நீங்கள் இன்னும் இலங்கைப் பிரஜையாக இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பதிந்து பிள்ளைக்கும் வம்சாவளிப் பிரஜாவுரிமை வாங்கலாம். முன்பு அது தகப்பன் வழியில் மட்டும்தான் கிடைத்தது. 2003இல் நடந்த திருத்தத்துக்குப் பின் தாய் வழியிலும் கிடைக்கும். உங்கள் தாத்தாவுக்கு மறுக்கப்பட்டதை நீங்கள், ஒரு பெண், உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாம். இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கனடாப் பிரஜாவுரிமையை எடுங்கள் என்பேன். வாழுகிற நாட்டில் வாக்கில்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அங்கே நாற்பது வருடம் பி.ஆரிலேயே இருந்து, பாராளுமன்றம் போடும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அந்தப் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாமல் வாழ்வதை உங்கள் தாத்தா விரும்பியிருக்க மாட்டார். இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க வழி இருந்தால் தக்கவையுங்கள். இல்லாவிட்டால், தெரிந்து, யோசித்து, உங்கள் கையால் செய்யுங்கள். தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். சத்தியப்பிரமாண வாசகத்தை அன்றைக்கு மண்டபத்தில் வைத்து முதல் தடவை கேட்கக் கூடாது. அரசர் மூன்றாம் சார்ல்ஸுக்கு விசுவாசமாக இருப்பேன், ஆதிக்குடிகளின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பு உட்பட்ட சட்டங்களை மதிப்பேன் என்று வரும். வீட்டிலேயே ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் விளங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாகக் கடதாசி. பரீட்சையைவிட நம் ஆட்களை அதிகம் மடக்குவது இதுதான். ஒரு முத்துசாமியின் பெயரை நான் ஒரே குடும்பக் கோப்பில் ஆங்கிலத்தில் நாலு விதமாகப் பார்த்திருக்கிறேன்: பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், கலியாணப் பதிவில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம். பதிவாளர் சிங்களத்தில் கேட்டு எழுதியதை இன்னொருவர் ஆங்கிலத்தில் பெயர்த்திருப்பார். உங்களுடையதையும் அப்பா அம்மாவுடையதையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிறப்புப் பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். இதைப் போவதற்கு முன் இங்கே செய்வது இலகு. ஸ்காபரோவிலிருந்து செய்விப்பது பெரிய இழுபறி.

அம்மாவின் தகரப் பெட்டியில் அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசி இருக்கும். பழசாகிவிட்டது என்று கொண்டுபோய் லேமினேட் செய்துவிடாதீர்கள், அதன்மேல் யாரும் முத்திரை குத்த முடியாது. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, இரண்டு பக்கமும் போட்டோகொப்பி எடுத்து, படமும் பிடித்துக் கணவருக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் இலங்கைப் பிரஜாவுரிமையின் வேர் அந்தக் கடதாசிதான். நாளைக்கு இரட்டைப் பிரஜாவுரிமை கேட்டாலும், பிள்ளையின் பெயரைப் பதிந்தாலும் அதையும் கேட்கக்கூடும். மூலப் பிரதி அம்மாவிடமே இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வாருங்கள். அந்தக் கடதாசியை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுகிறேன்.